நீக்கலும் அறிவித்தலும்

இணையத்தில் ஒருவர் எழுதிய பதிவு மறுநாள் அவ்விடத்தில் இல்லை. நீக்கியவர் யார், எக்காரணம் பற்றி நீக்கினார், மீட்பதற்கு வழியுண்டா என்னும் வினாக்களுக்கு விடையும் இல்லை. இந்நிலை இன்று பலர்க்கும் நேர்கின்றது. எழுத்தை நீக்கும் உரிமை ஒன்று. நீக்கியதை எழுதியவர்க்கு அறிவிக்கும் கடமை மற்றொன்று. முன்னதைப் பற்றி வாதங்கள் பெருகியுள்ள அளவுக்குப் பின்னதைப் பற்றிய சிந்தனை பெருகவில்லை. அதனையே நாம் இங்கு ஆராயப் புகுகின்றோம்.

நீக்குதல் தன்னளவில் தவறன்று. பிறர் மானத்தைக் குலைக்கும் பொய்யும், களவாடப்பட்ட படைப்பும், வன்முறையைத் தூண்டும் உரையும் நீக்கத்தக்கனவே. ஆயினும், காரணம் அறியாதவன் தவறு செய்திருப்பின் திருந்த இயலாது. செய்யாதிருப்பின் தன் தூய்மையை மெய்ப்பிக்கவும் இயலாது. இவ்விரு வழிகளையும் ஒருங்கே அடைப்பதே மௌன நீக்கத்தின் தீங்காகும்.

ஒருவரைக் கேளாமல் அவர்க்கு எதிராக முடிவு செய்யலாகாது என்பது இயற்கை நீதியின் அடிப்படை. 1977இல் மேனகா காந்தியின் கடவுச்சீட்டை ஒப்படைக்கப் பணித்த அரசு, பொதுநலன் கருதிக் காரணம் கூற மறுத்தது. 1978இல் அவ்வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், இத்தகைய நடவடிக்கையிலும் பாதிக்கப்படுபவரைக் கேட்கும் கடமை உண்டென விளக்கியது. எனினும் இந்நெறி அரசைக் கட்டுப்படுத்துவது. நம் எழுத்துகளைத் தாங்கி நிற்கும் தளங்களோ பெரும்பாலும் தனியார் நிறுவனங்கள். ஆதலின் அவற்றிற்கெனத் தனிச்சட்டங்கள் வேண்டியதாயிற்று.

அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இதில் முன்னோடி எனலாம். பதிப்புரிமை முறையீட்டின் பேரில் ஒன்றை நீக்கும் நிறுவனம், சட்டம் தரும் பாதுகாப்பை இழவாதிருக்க வேண்டுமாயின் அதனை இட்டவர்க்கு விரைந்து தெரிவித்தல் வேண்டும். அவர் முறைப்படி மறுப்பு அனுப்பினால், முறையிட்டவர் வழக்குத் தொடுக்காதவிடத்து, 10 முதல் 14 வேலை நாள்களுக்குள் அப்பொருள் மீண்டும் வைக்கப்படும்.

நம் நாட்டில் 2021 பிப்ரவரியில் தகவல் தொழில்நுட்ப விதிகள் வெளியிடப்பட்டன. 50 இலட்சத்திற்கு மேற்பட்ட பயனர்களைக் கொண்ட சமூக ஊடக நிறுவனம் விதிமீறல் எனக் கருதித் தானாகவே ஒரு பதிவை நீக்குமாயின், நீக்குவதற்கு முன்னரே காரணத்துடன் அறிவிக்க வேண்டும் என்றும், மறுத்துரைக்க வாய்ப்பளிக்க வேண்டும் என்றும் அவ்விதிகள் கூறுகின்றன. குறைதீர் அலுவலரின் முடிவில் நிறைவடையாதவர் 30 நாள்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம்; இதற்கென 2023 ஜனவரியில் மூன்று குழுக்கள் அமைக்கப்பட்டன.

அரசே முடக்க ஆணையிடும்போது நிலைமை வேறு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69அ பிரிவின்கீழ் 2009இல் வகுக்கப்பட்ட விதிகள், சம்பந்தப்பட்ட நபருக்கு 'அல்லது' எழுத்தைத் தாங்கிய நிறுவனத்திற்கு அறிவிப்பு அனுப்பப் பணிக்கின்றன. 'அல்லது' என்னும் இவ்வொரு சொல்லால், நிறுவனத்திற்கு மட்டும் தெரிவித்து, எழுதியவரை விட்டுவிடவும் இடம் ஏற்படுகின்றது. முறையீடுகளையும் நடவடிக்கைகளையும் மறைவாக வைத்திருக்க வேண்டுமென்னும் விதியும் உடனுள்ளது. 2015இல் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் 66அ பிரிவைச் செல்லாதென அறிவித்த உச்ச நீதிமன்றம், 69அ பிரிவை அதன் பாதுகாப்பு நெறிகளைச் சுட்டி ஏற்றுக்கொண்டது. அந்நெறிகள் எழுதியவரைச் சென்றடையாவிடின் பாதுகாப்பு ஏட்டளவில் நின்றுவிடும் என்பது தெளிவு.

ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் இயற்றி, 2024 பிப்ரவரி 17 முதல் முழுமையாக நடைமுறைப்படுத்திய இணையச் சேவைகள் சட்டம் இன்னும் விரிவானது. எந்தச் சட்டம் அல்லது எந்த விதி மீறப்பட்டது, எச்செய்திகளின் அடிப்படையில் முடிவு செய்யப்பட்டது, கணினியே தானாக முடிவெடுத்ததா, முறையிடும் வழி யாது என்பனவெல்லாம் அறிவிப்பில் இடம்பெற வேண்டும். பதிவை நீக்காமல், பிறர் கண்ணில் அதிகம் படாதவாறு கீழே தள்ளினும் இவ்விதி பொருந்தும். எழுதியவர் கண்ணுக்கு மட்டும் பதிவு இருப்பதாகத் தோன்றச் செய்யும் வஞ்சகத்தை நோக்க, இதன் அருமை புலனாகும்.

எல்லார்க்கும் அறிவித்தால் ஏமாற்றுவோர் விழிப்படைவரே என ஒரு மறுப்பு எழலாம். அதில் உண்மையுண்டு. ஆதலினாலன்றோ, பெருந்திரளாகக் கொட்டப்படும் ஏமாற்று விளம்பரங்களுக்கு ஐரோப்பியச் சட்டம் விலக்களித்துள்ளது! விலக்கு விலக்காகவே நிற்றல் வேண்டும்; அதுவே விதியாகிவிடலாகாது.

மாணவச் செல்வங்கள் மனங்கொள்ளத் தக்கவை சில உள. எழுதுவதன் படியைத் தம்மிடம் வைத்திருத்தல் வேண்டும். அறிவிப்பு வந்தால் சினங்கொள்ளாது, காட்டப்பட்ட விதியைப் படித்தல் வேண்டும். தவறிருப்பின் திருத்துக, இல்லையேல் காலக்கெடுவுக்குள் முறையிடுக. நாளை இவர்களுள் சிலர் இதழாசிரியராகவும், அதிகாரியாகவும், கணினி வல்லுநராகவும் அமர்ந்து பிறர் எழுத்தை நீக்கும் நிலைக்கு வருவர். அன்று நீக்குமுன் ஒரு வரியேனும் காரணம் எழுதி அனுப்புவாராயின், அதுவே கற்ற கல்விக்கு அழகு சேர்க்கும்.