அணைய மறுக்கும் சுவிட்சு!

வீட்டு விளக்குக்கு ஒரு சுவிட்சு இருக்கிறது. போட்டால் விளக்கு எரியும். நிறுத்தினால் அணையும்.

நம் உடம்புக்குள்ளும் அப்படி ஒரு சுவிட்சு உண்டு. அதன் பெயர் "ராஸ்". அது ஒரு புரதம்.

உடம்பு முழுவதும் கோடி கோடியாக உயிரணுக்கள் உள்ளன. காயம் பட்டால் புதுத்தோல் வளர வேண்டும் அல்லவா? அப்போது "பெருகு" என்ற உத்தரவு உயிரணுவின் சவ்வுக்கு வந்து சேரும். சவ்வின் உட்புறம் காத்திருக்கும் ராஸ், அந்த உத்தரவை உள்ளே அனுப்பும்.

மூன்று பாஸ்பேட் கொண்ட ஒரு பொருளை ராஸ் பிடித்துக்கொண்டால், சுவிட்சு போட்டாயிற்று! ஒரு பாஸ்பேட்டை வெட்டி எறிந்தால், சுவிட்சு நின்றுவிடும்.

ஒரு மணி மாறினால்...

1964-ம் ஆண்டு ஜெனிபர் ஹார்வி என்ற பெண் விஞ்ஞானி, எலிகளுக்குப் புற்றுக்கட்டி உண்டாக்கும் ஒரு வைரஸ் கிருமியைக் கண்டுபிடித்தார். ராஸ் பற்றிய ஆராய்ச்சி அதிலிருந்து வளர்ந்தது.

1982-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் மனிதனின் மூத்திரப்பைப் புற்றுநோயை ஆராய்ந்தார்கள். ராஸ் என்பது 189 மணிகள் கோத்த மாலை போன்றது. அதில் 12-வது மணி மட்டும் மாறி இருந்தது. அவ்வளவுதான்!

மணி மாறினால் பாஸ்பேட்டை வெட்ட முடியாது. சுவிட்சு அணையாது. "பெருகு, பெருகு" என்ற உத்தரவு ஓயாது. வேறு சில பழுதுகளும் சேர்ந்துகொண்டால் புற்றுநோய்தான். கணையப் புற்றுநோய் கண்ட 10 பேரில் சுமார் 9 பேருக்கு ராஸ் பழுதாகி இருக்கிறது.

இந்தப் பழுது பெரும்பாலும் பெற்றோரிடம் இருந்து வருவதில்லை. தொட்டால் ஒட்டுவதும் இல்லை.

மருந்து உண்டா?

30 ஆண்டுகள் மருந்து கிடைக்கவில்லை. காரணம், ராஸ் வழவழப்பானது. மருந்து பற்றிக்கொள்ள இடம் இல்லை.

2013-ல் கலிபோர்னியாவில் கெவன் ஷோகத் என்பவரின் குழு, பழுதான ஒரு வகை ராஸில் சிறு பள்ளம் இருப்பதைக் கண்டுபிடித்தது. அந்தப் பள்ளத்தில் போய் உட்காரும் "சோடோராசிப்" என்ற மாத்திரைக்கு 2021-ல் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது.

இது எல்லாருக்கும் ஏற்ற மருந்து அல்ல. கட்டியைச் சோதித்து, அதே பழுது இருந்தால்தான் கொடுப்பார்கள். பலருக்குக் கட்டி சுருங்குகிறது. ஆனால் பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் நோய் வேறு வழி தேடிக்கொள்கிறது. ஆராய்ச்சி தொடர்கிறது.

நுரையீரலில் இந்தப் பழுது வருவதற்கு முக்கிய காரணம் என்ன தெரியுமா? புகையிலைப் புகை! சுவிட்சு கெட்டபின் மருந்து தேடுவதைவிட, பீடியையும் சிகரெட்டையும் இன்றே விட்டுவிடுவது மேல்.