பந்தயத்துக்கும் ஒரு கார், பள்ளிக்கூடத்துக்கும் அதே கார்!

ஜெர்மனியில் நூர்பர்க் என்று ஒரு சின்ன ஊர். மலையும் காடுமாக இருக்கும் அந்த ஊரைச் சுற்றி 1927-ம் வருஷத்தில் ஒரு பந்தயச் சாலை போட்டார்கள். அதன் வட பகுதி இன்றைக்கும் 20.8 கிலோமீட்டர் தூரம் வளைந்து வளைந்து ஏறி இறங்குகிறது. பெரிய பெரிய பந்தய வீரர்கள் எல்லாம் அதைக் கண்டு நடுங்கியிருக்கிறார்கள். நிக்கி லௌடா என்ற உலகச் சாம்பியன் 1976-ல் அங்கேதான் தீயில் அகப்பட்டு, மயிரிழையில் உயிர் பிழைத்தார்.

அதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? பந்தயம் இல்லாத சில நாட்களில் அந்தச் சாலையில் நீங்களும் நானும் கூடப் போகலாம்! சுங்கச் சாவடியில் கட்டுவது போல் பணத்தைக் கட்டிவிட்டு, சொந்தக் காரிலேயே ஒரு சுற்றுச் சுற்றி வரலாம். ஒருவழிச் சாலை, முந்துவதானால் இடப்பக்கமாகத்தான் முந்தவேண்டும், கடிகாரம் வைத்து வேகம் பார்க்கக் கூடாது. மற்றபடி வாடிக்கையான சாலை விதிகள்தாம்.

ஆசை யாரை விட்டது? ஐயாவுக்கும் வரும், அம்மாவுக்கும் வரும். ஆனால் வீட்டில் ஒரே ஒரு கார் வைத்துக்கொள்ளத்தான் வசதி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பந்தயச் சாலைக்குப் போன கார், திங்கட்கிழமை காலையில் குழந்தைகளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடவேண்டும். புதிதாக வாங்கினால் சேமிப்பு அத்தனையும் கரைந்துவிடும். ஆகவே, ஒருவர் ஓட்டிப் பழகிய பழைய 'கூப்பே' காராகத் தேடுகிறார்கள். இரண்டே கதவு, பின்புறம் சரிந்து இறங்கும் கூரை, துடிப்பான எஞ்சின் - இதுதான் கூப்பே.

மூன்று வரன்கள்

வரன் பார்க்கும் கலையை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பையனின் அழகையும் சம்பளத்தையும் மட்டுமா பார்க்கிறோம்? பழக்க வழக்கம் என்ன, தேக சுகம் எப்படி, கடன் ஏதாவது உண்டா என்று நாலு இடத்தில் விசாரிக்கிறோம் அல்லவா? அந்தக் கண்ணோடு இந்த மூவரையும் பாருங்கள்.

முதலாவது, 2000 முதல் 2006 வரை தயாரான பி.எம்.டபிள்யூ. எம்3. ஆறு சிலிண்டர், 3.2 லிட்டர் எஞ்சின், 343 குதிரைச் சக்தி. நிமிஷத்துக்கு 8,000 சுற்று வரை பாடிக்கொண்டே போகும். நாலு பேர் உட்காரலாம். சாமான் வைக்க ஒழுங்கான டிக்கியும் உண்டு. குடும்பத்துக்கு ஏற்ற பிள்ளைதான்!

ஆனால் ஒரு மறைவான வியாதி உண்டு. பின் சக்கரங்களைத் தாங்கும் சட்டம், காரின் அடித்தகட்டோடு சேரும் இடத்தில் விரிசல் விடும். மேலே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. காரை உயரத் தூக்கி, கீழே நின்று பார்க்கவேண்டும். முன்பே பலப்படுத்தியிருந்தால் அதற்கு ரசீது இருக்கிறதா என்று கேளுங்கள். எஞ்சினுக்குள்ளே கனெக்டிங் ராடு பேரிங்குகளை மாற்றியாயிற்றா என்பது அடுத்த கேள்வி. எடையும் ஏறக்குறைய ஒன்றரை டன். பிரேக்கையும் டயரையும் வேகமாகத் தின்றுவிடும்.

இரண்டாவது, 2005-ல் வந்த போர்ஷே கேமன் எஸ். 3.4 லிட்டர், 295 குதிரைச் சக்தி. எஞ்சின் முன்னாலும் இல்லை, வால் பக்கத்திலும் இல்லை. ஓட்டுகிறவரின் முதுகுக்குப் பின்னால், காரின் நடுவில் இருக்கிறது. இதனால் என்ன லாபம்? தண்ணீர்க் குடத்தை இடுப்போடு அணைத்துக்கொண்டு திரும்பிப் பாருங்கள். பிறகு அதே குடத்தைக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்துவிடும். வளைவுகளில் கேமன் அவ்வளவு லாகவமாகத் திரும்புகிறது. சாமான் வைக்க முன்னால் ஓர் இடம், பின்னால் ஓர் இடம். ஆனால் ஸீட்டுகள் இரண்டே இரண்டு. குழந்தை இருக்கிற வீட்டில் இது எப்படி ஒத்துவரும்?

இதற்கும் ஒரு நோய் உண்டு. ஆரம்பகாலக் கார்களின் எஞ்சினுக்குள் இருந்த இடைத் தண்டின் பேரிங் உடைந்தால் எஞ்சினே பாழ். சிலிண்டர் சுவரில் கீறல் விழுந்த கார்களும் உண்டு. 2009-ல் வந்த திருத்திய எஞ்சினில் அந்த இடைத் தண்டே கிடையாது. விலை கொஞ்சம் கூடினாலும் அதைத் தேடுவது புத்திசாலித்தனம்.

மூன்றாவது, 2012-ல் டொயோட்டாவும் சுபாருவும் சேர்ந்து உருவாக்கிய ஜிடி86. குதிரைச் சக்தி 200தான். 'இவ்வளவுதானா?' என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். எடை சுமார் 1,240 கிலோ. எம்3ஐவிட வெகு இலேசு. டயர்களின் அகலம் 215 மில்லிமீட்டர்தான். பிடி நழுவுவதற்கு முன்னால் 'ஜாக்கிரதை!' என்று காரே சொல்லிவிடும். மிதமான வேகத்திலேயே சொல்லிவிடும். புதிதாகக் கற்றுக்கொள்கிறவருக்கு இதைவிட நல்ல வாத்தியார் ஏது? பின் ஸீட்டில் சிறு குழந்தைகள் உட்காரலாம்; பெரியவர்கள் உட்கார்ந்தால் முழங்கால் மோவாயில் இடிக்கும். ஸீட்டை மடக்கினால் நாலு டயரை உள்ளே ஏற்றலாம். குறை ஒன்று: ஆரம்ப வருஷத்துக் கார்களில் வால்வு ஸ்பிரிங்கை மாற்றித் தருவதாகக் கம்பெனியே 2018-ல் திரும்ப அழைத்தது. அந்த வேலை நடந்ததா, நடந்தபின் எஞ்சின் சரியாக ஓடுகிறதா என்று விசாரியுங்கள்.

பிரேக்கின் ரகசியம்

ஊருக்குள் ஓடும் கார் நிற்பதற்கு எப்போதாவதுதான் அழுத்திப் பிரேக் போடுகிறோம். பந்தயச் சாலையிலோ வளைவுக்கு வளைவு அழுத்தவேண்டும். பிரேக் கொதிக்கிறது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் சுபாவம் உள்ளது. 'டாட் 4' ரகம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் 155 டிகிரியிலேயே கொதிக்கலாம். கொதித்தால் குழாயில் ஆவி சேரும். அப்புறம் பெடலை மிதித்தால் பஞ்சுமூட்டையை மிதித்தது போல் கால் உள்ளே போகுமே தவிர, கார் நிற்காது! மாற்றுவதற்கு ஆகும் செலவு சொற்பம். மாற்றாமல் விட்டால் போவது உயிர்.

டயரையும் பாருங்கள். பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருஷம் 23-வது வாரம் செய்த டயர். டயரின் வெளி ஓரம் மட்டும் தேய்ந்திருந்தாலோ, பிரேக் டிஸ்க்கில் மயிரிழை போல் விரிசல் தெரிந்தாலோ, அந்தக் கார் பந்தயச் சாலையைப் பார்த்த காராக இருக்கலாம். பார்த்தது குற்றமில்லை, அதை மறைப்பதுதான் குற்றம்.

இன்ஷூரன்ஸ் பத்திரத்தின் பொடி எழுத்தையும் படியுங்கள். பல பாலிசிகள் பந்தயச் சாலையில் நேரும் விபத்துக்குப் பணம் தருவதில்லை. நூர்பர்க்கில் ஓர இரும்பு வேலியில் மோதினால், கார் நஷ்டம் போதாதென்று வேலியைச் செப்பனிடும் செலவும் ஓட்டியவர் தலையில்தான்.

யாருக்கு மாலை?

இரண்டு குழந்தைகள் வளர்ந்த வீடென்றால் எம்3. ஆனால் அடித்தகட்டு விஷயம் ரசீதோடு ருசுவாகவேண்டும். தம்பதி இருவர் மட்டும் என்றால் 2009-க்குப் பிந்திய கேமன். குழந்தைகள் சிறியவர்கள், கையில் பணம் அளவாகத்தான் இருக்கிறது, பந்தயச் சாலையும் புதிது என்றால், என் ஓட்டு ஜிடி86-க்கே. எதுவானாலும் கையிலிருக்கும் பணம் முழுவதையும் விலையாகக் கொடுத்துவிடாதீர்கள். பிரேக், டயர், ஆயில் மூன்றுக்கும் முதலிலேயே ஒரு தொகை ஒதுக்கிவிடுங்கள்.

குதிரைச் சக்தி குறைவென்று இன்னும் தயக்கமா? அந்த நூர்பர்க்கிலேயே ஹோட்டல் நடத்திய குடும்பத்தில் வளர்ந்தவர் ஸபீன் ஷ்மிட்ஸ். அங்கே நடக்கும் 24 மணி நேரப் பந்தயத்தில் 1996-லும் 1997-லும் வென்ற குழுவில் இருந்தவர். அந்தப் பந்தயத்தை வென்ற முதல் பெண்மணி. 2021-ல் காலமானார். 2005-ல் ஒரு டெலிவிஷன் நிகழ்ச்சிக்காக அவர் சாமான் ஏற்றும் ஃபோர்டு டிரான்ஸிட் வேனை எடுத்துக்கொண்டு அந்த மலைச் சாலையைச் சுற்றி வந்தார். ஆன நேரம் 10 நிமிஷம், 8 விநாடி! வேனில் இருந்த குதிரைகளா அந்த வேலையைச் செய்தன? ஒவ்வொரு வளைவையும் மனப்பாடமாக அறிந்த கைகள் அல்லவா செய்தன!

ஆகவே, கார் பார்க்கப் போகும்போது வர்ணத்தைப் பார்த்து மயங்கவேண்டாம். கையில் ஒரு டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு போங்கள். முதலில் காருக்கு அடியில் குனிந்து பாருங்கள்!