தன்னியக்கச் சாதன வருடல்

தன்னியக்கச் சாதன வருடல் என்பது கணினியுடன் இணைக்கப்பட்டுள்ள வன்தட்டு, நாடா இயக்ககம், யூ.எஸ்.பி. நினைவுக் குச்சி முதலிய சேமிப்புச் சாதனங்களை, பயனர் கேட்காமலேயே இயக்குதளம் தேடிக் கண்டறியும் செயல் ஆகும். இயக்குதளக் கருனியில் உள்ள சேமிப்பு இயக்கிகள் இதனைச் செய்கின்றன. வீட்டுக் கணினியில் இது பெரும்பாலும் நன்மையே தருகிறது. ஆனால் பல வழங்கிகள் ஒரே சேமிப்பகத்தைப் பகிரும் இடங்களிலும், சான்றாகக் கைப்பற்றப்பட்ட வன்தட்டை ஆராயும் இடங்களிலும், கேளாமல் கண்டறியப்பட்ட ஒரு சாதனம் தரவு அழிவுக்கு வழிவகுக்கக்கூடும். எனவே லினக்சு, விண்டோசு ஆகிய இயக்குதளங்கள் இச்செயலையும் இதன் விளைவுகளையும் கட்டுப்படுத்தும் வழிகளைக் கொண்டுள்ளன.

வருடல் நடைபெறும் விதம்

வருடலின் அடிப்படை முறை, 1986ஆம் ஆண்டு அமெரிக்கச் சீர்தரமாக ஏற்கப்பட்ட ஸ்கசி இடைமுகத்திலிருந்து வந்தது. பழைய ஸ்கசி வடத்தில் 8 அடையாள எண்கள் உண்டு. அவற்றுள் ஒன்று கட்டுப்படுத்திக்கு உரியது. எஞ்சிய ஒவ்வோர் எண்ணுக்கும் இயக்கி 'இன்குயரி' என்னும் கட்டளையை அனுப்பும். அந்த எண்ணில் சாதனம் இருந்தால், அது தன் வகை, தயாரிப்பாளர் பெயர், உருப்படியின் பெயர் ஆகியவற்றை விடையாகத் தரும். சாதனம் இல்லையெனில், குறித்த நேரம் காத்திருந்து இயக்கி அடுத்த எண்ணுக்குச் செல்லும்.

இந்தக் காத்திருப்பு நேரம் வழக்கமாக 250 மில்லிநொடி. 16 எண்கள் கொண்ட அகன்ற வடத்தில் எதுவும் இணைக்கப்படாவிட்டால், 15 வெற்று எண்களுக்காக மட்டும் ஏறத்தாழ 3.75 நொடி செலவாகும். பல கட்டுப்படுத்திகள் உள்ள வழங்கியில் இது கூடிக்கொண்டே போகும்.

ஒரு சாதனத்துக்குள் பல தருக்க அலகுகள் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் தனி எண் உண்டு. இது சுருக்கமாக 'லன்' எனப்படும். பிற்காலச் சாதனங்களிடம் 'ரிப்போர்ட் லன்ஸ்' என்னும் கட்டளை வழியாக இவ்வெண்களின் பட்டியலை ஒரே முறையில் கேட்டுப் பெறலாம். லினக்சில் சாட்டா வன்தட்டுகளும் யூ.எஸ்.பி. குச்சிகளும் ஸ்கசி அடுக்கின் வழியாகவே கையாளப்படுகின்றன. என்.வி.எம்.இ. வகைத் தட்டுகளுக்குத் தனி அடுக்கு உண்டு.

கண்டறிதலுக்குப் பின் நிகழ்பவை

வருடல் தன்னளவில் தட்டில் எதையும் எழுதுவதில்லை. இடர் அதனைத் தொடரும் படிகளில் உள்ளது.

1. கருனி, புதிய சாதனத்துக்கு ஒரு பெயர் இட்டு, அதன் பிரிவினை அட்டவணையைப் படிக்கும்.
2. சாதனம் வந்த செய்தி பயனர்வெளி நிரல்களுக்கு அறிவிக்கப்படும்.
3. ரெய்டு அணிகளும் தருக்கத் தொகுதிகளும் தாமாகவே ஒன்றுசேர்க்கப்படலாம்.
4. கோப்பு முறைமை ஏற்றப்படலாம்.

கடைசி இரண்டு படிகளில் தட்டில் எழுதுதல் நிகழக்கூடும். சான்றாக, சரியாக மூடப்படாத ஈ.எக்ஸ்.டி.4 கோப்பு முறைமையை 'படிக்க மட்டும்' என்று ஏற்றினாலும், அது தன் நிகழ்வேட்டில் எஞ்சியுள்ள மாற்றங்களைத் தட்டில் எழுதி முடிக்கும். இதனைத் தவிர்க்கத் தனி விருப்பத் தேர்வைத் தர வேண்டும்.

கட்டுப்பாடு தேவைப்படும் சூழல்கள்

பகிரப்பட்ட சேமிப்பகம்: தரவு மையங்களில் பல வழங்கிகள் ஒரே சேமிப்பு அணியுடன் வலையமைப்பு வழியாக இணைக்கப்பட்டிருக்கும். ஈ.எக்ஸ்.டி.4, எக்ஸ்.எஃப்.எஸ். போன்றவை ஒரு நேரத்தில் ஒரே கணினி பயன்படுத்துவதற்கென வடிவமைக்கப்பட்டவை. இரு வழங்கிகள் ஒரே அலகை ஏற்றினால், ஒன்று செய்த மாற்றத்தை மற்றது அறியாது. ஒரே பேரேட்டில் இரு கணக்கர்கள் ஒருவரையொருவர் கேளாமல் எழுதுவதைப் போன்றது இது. விரைவிலேயே கோப்பு முறைமை சிதைந்துவிடும்.

மெய்நிகர் கணினிகள்: மெய்நிகர் கணினி ஒன்றுக்கென ஒதுக்கப்பட்ட அலகைத் தாய்க் கணினியும் காண்கிறது. அதனுள் இருக்கும் தருக்கத் தொகுதிகளைத் தாய்க் கணினி தன்னுடையவை எனக் கருதி இயக்கிவிடக்கூடும்.

எச்சங்கள்: ஓர் அலகு அணியிலிருந்து விலக்கப்பட்ட பின்னும், அதன் பெயர் வழங்கியில் எஞ்சியிருக்கலாம். அதே லன் எண் பின்னர் வேறொருவரின் அலகுக்கு வழங்கப்பட்டால், பழைய பெயர் புதியவரின் தரவைச் சுட்டும். மேகக் கணிமை மென்பொருளான ஓபன்ஸ்டாக்கில் 2023ஆம் ஆண்டு மே மாதம் அறிவிக்கப்பட்ட பாதுகாப்புக் குறைபாடு இவ்வகையைச் சேர்ந்தது. நீக்கப்பட்ட இணைப்பின் எச்சம் வழியாக ஒரு பயனர் மற்றொருவரின் சேமிப்பகத்தை அணுக அதில் வாய்ப்பு இருந்தது. தன்னியக்க வருடலும் இத்தகைய எச்சங்களை உருவாக்கக்கூடும். நிருவாக நிரல் ஓர் அலகை நீக்கிக்கொண்டிருக்கும் வேளையில், கருனி அதனை மீண்டும் கண்டறிந்து சேர்த்துவிடலாம்.

சான்று ஆய்வு: இந்தியாவில் 2024ஆம் ஆண்டு சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவின்படி, மின்னணுச் சான்றுடன் தரப்படும் சான்றிதழில் அதன் ஆஷ் மதிப்பும் குறிக்கப்பட வேண்டும். தட்டில் ஒரு பிட் மாறினாலும் முழுத் தட்டின் ஆஷ் மதிப்பு மாறிவிடும். எனவே ஆய்வாளரின் கணினி, இணைக்கப்பட்ட தட்டைத் தானே ஏற்றுவது சான்றின் நம்பகத்தன்மையைக் கெடுக்கும்.

லினக்சில் கட்டுப்படுத்தும் வழிகள்

லினக்சு கருனியின் ஸ்கசி கூறுக்கு 'ஸ்கேன்' என்னும் அளவுரு உண்டு. அதன் மதிப்புகள் வருமாறு:

சிங்க்: சாதனங்களை வரிசையாக வருடும்.
அசிங்க்: பல கட்டுப்படுத்திகளை ஒரே நேரத்தில், பின்னணியில் வருடும். 2006ஆம் ஆண்டு வெளியான 2.6.19 பதிப்பில் சேர்க்கப்பட்டது. துவக்க நேரத்தைக் குறைப்பதே இதன் நோக்கம்.
நன்: வருடலை முற்றிலும் தவிர்க்கும்.
மேனுவல்: தன்னியக்க வருடல் நிகழாது, நிருவாகி கேட்கும்போது மட்டும் நிகழும். இது 2016ஆம் ஆண்டு சேர்க்கப்பட்டது.

நிருவாகி வருடலைக் கோர, சிஸ்எஃப்எஸ் கோப்பு முறைமையில் ஒவ்வொரு கட்டுப்படுத்திக்கும் 'ஸ்கேன்' என்னும் கோப்பு உள்ளது. அதில் மூன்று மதிப்புகளை எழுத வேண்டும். அவை முறையே தடம், சாதனம், லன் ஆகியவற்றைக் குறிக்கும். '- - -' என்று எழுதினால் எல்லாவற்றையும் வருடும். '0 3 1' என்று எழுதினால் 0ஆம் தடத்தில் 3ஆம் சாதனத்தின் 1ஆம் அலகை மட்டும் தேடும். பெரிய நிறுவல்களில் பின்னதே பாதுகாப்பானது.

இணைய நெறிமுறை வழியே ஸ்கசி கட்டளைகளை அனுப்பும் ஓப்பன்-ஐஸ்கசி மென்பொருளிலும், ஒவ்வோர் இணைப்புக்கும் தன்னியக்க வருடலை நிறுத்தும் அமைப்பு உண்டு. யூ.எஸ்.பி. சேமிப்பு இயக்கி, சாதனம் செருகப்பட்டதும் அது நிலைபெறுவதற்காகச் சிறிது நேரம் காத்திருந்த பின்னரே வருடுகிறது, இந்நேரத்தையும் மாற்றலாம். தருக்கத் தொகுதி மேலாளர், எந்தெந்தச் சாதனங்களைக் கருத்தில் கொள்ளலாம் என்பதை வடிகட்டி மூலமோ சாதனப் பட்டியல் கோப்பு மூலமோ வரையறுக்கிறது.

சி-டாக் நிறுவனம் டெபியனை அடியாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் இயக்குதளமும் லினக்சு கருனியையே பயன்படுத்துகிறது. தமிழ்நாடு அரசு 2011இல் தொடங்கிய மடிக்கணினித் திட்டத்தின் கணினிகளில் இது விண்டோசுடன் சேர்த்து வழங்கப்பட்டது. ஆதலால் மேற்கூறிய சிஸ்எஃப்எஸ் கோப்புகளை மாணவர்கள் அத்தகைய கணினியிலும் காணலாம்.

விண்டோசில் கட்டுப்படுத்தும் வழிகள்

விண்டோசு சர்வர் 2008 முதல் 'சான் கொள்கை' என்னும் அமைப்பு உள்ளது. இது வருடலைத் தடுப்பதில்லை. கண்டறியப்பட்ட தட்டு எந்நிலையில் இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்கிறது. பகிரப்பட்ட தட்டுகளை மட்டும் அல்லது புதிய தட்டுகள் அனைத்தையும், நிருவாகி அனுமதிக்கும்வரை செயலற்ற நிலையில் வைக்கலாம். 'டிஸ்க்பார்ட்' நிரல் வழியாக இதனை மாற்றலாம்.

வரம்புகள்

வருடலை முற்றிலும் நிறுத்தினால், இயக்குதளம் உள்ள தட்டே கண்டறியப்படாமல் கணினி துவங்காது போகலாம். எனவே இம்மாற்றத்தை முதலில் சோதனைக் கணினியில் செய்து பார்ப்பது நன்று.

மேலும், வருடலைக் கட்டுப்படுத்துவது அணுகல் தடை ஆகாது. மேலுரிமை பெற்ற எந்தப் பயனரும் மீண்டும் வருடலைக் கோர முடியும். எந்த வழங்கி எந்த அலகைக் காணலாம் என்பதைச் சேமிப்பு அணியிலும் வலையமைப்பு நிலைமாற்றியிலும் வரையறுக்க வேண்டும். சான்று ஆய்வில், எழுதும் கட்டளைகளைத் தடுக்கும் தனி வன்பொருள் தட்டுக்கும் கணினிக்கும் இடையே பொருத்தப்படுகிறது. இயக்குதளத்தின் அமைப்பில் பிழை நேர்ந்தாலும் தட்டு மாறாமல் இருக்க இதுவே உதவுகிறது.