முதுமைக்கு ஏற்ற தேசம் எது?

உழைத்து ஓய்ந்த காலத்தில் எங்கே குடியிருப்பது என்பது அவரவர் விருப்பத்தைப் பொறுத்தது. குளிருக்கு அஞ்சியும், பேரப்பிள்ளைகளை நாடியும், பிரிட்டிஷ் முதியோர் பல லட்சம் பேர் பிற தேசங்களுக்குச் சென்று வசிக்கின்றனர். இடந்தேடுவோர் வெயிலையும் கடற்கரையையும் விசாரிப்பது இயல்பே. ஆனால் முதலில் விசாரிக்க வேண்டியது பென்ஷன் சட்டம் என்பதே நமது அபிப்பிராயம்.

பிரிட்டிஷ் சர்க்கார் பென்ஷன் ஆண்டுதோறும் ஏப்ரல் மாதத்தில் உயர்கிறது. இவ்வுயர்வு ஐரோப்பிய யூனியன் தேசங்களிலும், அதற்கென ஒப்பந்தமுள்ள அமெரிக்கா, பிலிப்பைன்ஸ், ஜமெய்க்கா முதலிய சில தேசங்களிலும் வசிப்போர்க்கு உண்டு. கானடா, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா, இந்தியா, இலங்கை முதலியவற்றில் வசிப்போர்க்கு இல்லை. அங்கே முதலில் பெற்ற தொகை எதுவோ அதுவே ஆயுள் முழுவதும். இந்நிலையிலிருப்போர் நான்கு லட்சத்துக்கு மேற்பட்டவர்.

நயாகரா நீர்வீழ்ச்சியின் இரு கரைகளில் இருவர் வசிப்பதாகக் கொள்வோம். இருவரும் 2000-ஆம் ஆண்டில் வாரம் 67.50 பவுன் வீதம் முழு அடிப்படைப் பென்ஷன் பெறத் தொடங்கி, அவ்வாண்டே அங்குக் குடியேறியவர். அமெரிக்கக் கரையிலிருப்பவருக்கு 2025 ஏப்ரலில் 176.45 பவுன் கிடைத்தது. கானடாக் கரையிலிருப்பவருக்கு அதே 67.50 பவுன்தான்! இருவரும் ஒரே விகிதத்தில் சந்தா செலுத்தியவர். 1776-இல் பிரிட்டனை உதறித் தள்ளிய தேசத்தில் உயர்வு உண்டு. இன்றளவும் பிரிட்டிஷ் முடியை ஏற்று நிற்கும் தேசத்தில் இல்லை. இது என்ன நியாயம்?

தென்னாப்பிரிக்காவில் குடியேறிய கார்ஸன் என்னும் மாது இதை எதிர்த்து வழக்காடினார். 2005-இல் பிரபுக்கள் சபையும், 2010-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் அவருக்குப் பாதகமாகவே தீர்ப்பளித்தன. ஒவ்வொரு தேசத்திலும் விலைவாசி வேறு, உள்நாட்டில் வசிப்பவரோடு வெளிநாட்டில் வசிப்பவரை ஒப்பிடலாகாது என்பது சர்க்கார் தரப்பின் வாதம். விலைவாசி வேறென்பது மெய்யே. ஆயின், அமெரிக்காவின் விலைவாசி மட்டும் பிரிட்டனோடு ஒத்திருக்கிறதா? ஒப்பந்தத்தின் பெயரால் சிலருக்குக் கொடுத்துப் பலருக்கு மறுப்பதை நீதியென்று நாம் ஒப்புக்கொள்ள இயலாது.

இவ்விஷயம் நம்மவரையும் தொடுகிறது. பிரிட்டனில் உழைத்துவிட்டுத் தஞ்சைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ திரும்பும் தமிழருக்கும் இதே விதிதான். பென்ஷன் மட்டுமன்று, பிரிட்டனின் இலவச வைத்தியமும் அங்கே வசிப்பவருக்கே உரியது. நிலையாக வெளியேறியவர் பொதுவாக அவ்வுரிமையை இழப்பர். நோய் வருவதோ முதுமையில்தான்.

ஆகவே, புறப்படுமுன் மூன்று கேள்விகளுக்கு விடை காண்பது அவசியம். பென்ஷன் உயருமா? வைத்தியச் செலவு யாருடையது? கணவன் மனைவியரில் ஒருவர் மறைந்தால், எஞ்சியவர் அங்கே காலந்தள்ள முடியுமா? தாயகத்துக்கே திரும்பிக் குடியேறினால் முழு உயர்வும் மீண்டும் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் வீட்டை விற்றுவிட்டு, எண்பது வயதில் திரும்பி வருவது எத்தனை பேருக்கு இயலும்?

தனிமனிதர் எச்சரிக்கையாயிருப்பது விவேகம். அதனால் சர்க்காரின் கடமை தீர்ந்துவிடாது. சந்தா வாங்கும்போது தேசம் பார்க்காதவர்கள், பென்ஷன் கொடுக்கும்போது மட்டும் பார்ப்பானேன்?