கணக்கில் வராத காட்டு வளம்

- நமது நாடாளுமன்ற நிருபர்

புது தில்லி: எத்தனை ஹெக்டேர் வனம் அழிக்கப்பட்டது, ஈடாக எத்தனை மரக்கன்றுகள் நடப்பட்டன? நாடாளுமன்றத்தில் உறுப்பினர்கள் அடிக்கடி எழுப்பும் கேள்வி இது. அமைச்சகமும் அட்டவணையாகப் பதில் தந்துவிடுகிறது. அக்கன்றுகள் எத்தனை தாய்மரங்களின் வித்து என்பதற்கு அதில் இடமில்லை.

கூடலூர் காடுகளுக்காக 1995-இல் கோதவர்மன் திருமுல்பாடு தொடுத்த வழக்கின் தொடர்ச்சியாகவே, ஈடுசெய் காடு வளர்ப்பு நிதிக்கு 2002-இல் உச்ச நீதிமன்றம் வழிவகுத்தது. 2016-இல் அதற்கெனச் சட்டம் நிறைவேறியது. 2019 ஆகஸ்டில் மட்டும் மாநிலங்களுக்கு ரூ.47,436 கோடி வழங்கப்பட்டது. பணத்துக்குக் குறைவில்லை, அதில் வளர்வது எத்தகைய காடு என்பதே கேள்வி.

அழிக்கப்பட்ட நிலம் தானாகவே மீளக்கூடியது. அருகில் முதிர்ந்த வனம் இருந்தால், காற்றும் பறவைகளும் வௌவால்களும் பல மரங்களின் விதைகளைக் கொண்டுவந்து சேர்க்கும். இவ்வாறு எழும் காட்டில் மரபணு வேறுபாடு பெருமளவு நிலைக்கும். வறட்சியோ, நோயோ தாக்கும்போது சில மரங்களாவது பிழைத்திருக்க இந்த வேறுபாடே துணை.

இயற்கைக்கும் எல்லை உண்டு. கோஸ்டாரிகாவில் காடு அழிக்கப்பட்டு மேய்ச்சல் நிலமான பகுதியில், சிம்போனியா என்ற மர இனத்தை ஆராய்ந்து 1998-இல் ஓர் ஆய்வு வெளியானது. எஞ்சிய காட்டுத் துண்டுகளில் முளைத்திருந்த கன்றுகளில் பெரும்பாலானவற்றுக்கு, மேய்ச்சல் நிலத்தில் தப்பி நின்ற ஒருசில மரங்களே பெற்றோர் எனத் தெரியவந்தது. பார்வைக்குக் கன்றுகள் ஏராளம். உண்மையில் அவை சில குடும்பங்களே. உறவுக்குள்ளேயே மகரந்தச் சேர்க்கை தொடர்ந்தால் வருங்காலத் தலைமுறையின் வீரியம் குன்றும்.

கைக்கெட்டிய சில மரங்களில் விதை சேகரிக்கும் நாற்றங்காலுக்கும் இதே குறைதான். ஒரே மரத்திலிருந்து பெருக்கப்பட்ட தைலமரத் தோப்பிலோ வேறுபாடே இல்லை. ஆயினும், ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் 10 சதவீத மரக்கவிகை இருந்தால், இனம் எதுவாயினும் அதனை வனப்பரப்பாகவே கணக்கிடுகிறது இந்திய வன ஆய்வு நிறுவனம்.

கிரேட் நிகோபார் திட்டத்துக்காகச் சுமார் 130 சதுர கி.மீ. வனத்தை விட்டுக்கொடுக்க 2022-இல் கொள்கையளவில் ஒப்புதல் அளிக்கப்பட்டது. ஈடாக மரம் வளர்க்கக் குறிக்கப்பட்ட இடம் ஹரியாணா. பரப்புக்குப் பரப்பு ஈடாகலாம். தீவின் மழைக்காட்டில் காலங்காலமாகத் திரண்ட மரபணுச் செல்வத்துக்கு வறண்ட வடநாட்டில் ஈடு ஏது?

இயற்கையான மீள்வளர்ச்சிக்குத் துணைபுரியும் பணிகளுக்கும் இந்நிதியைச் செலவிட 2016-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இடமுண்டு. வனத்தையொட்டிய நிலங்களைத் தீயிலிருந்தும் மேய்ச்சலிலிருந்தும் காப்பதும், தாய்மரங்களை வெட்டாதிருப்பதும், பல மரங்களின் விதைகளைக் கலந்து நடுவதும் புதிய சட்டம் கோராத பணிகள். அமைச்சகத்தின் அட்டவணையில் இதற்கு ஒரு பத்தியைச் சேர்க்கச் சொல்லும் கேள்வியை உறுப்பினர்கள்தாம் எழுப்ப வேண்டும்.