கருவிக்கு முன்னே ஆசிரியர்

பாடக்குறிப்பு எழுதுவது, வினாத்தாள் தயாரிப்பது, விடைத்தாள் திருத்துவது என ஆசிரியரின் அன்றாட வேலைகளுக்குள் செயற்கை நுண்ணறிவு நுழைந்துவிட்டது. கேள்விக்கு விடை எழுதித் தரும் சாட்ஜிபிடி என்ற கருவி 2022 நவம்பரில் வெளிவந்தது. 2023 ஜனவரியில் நியூயார்க் நகரப் பள்ளிகள் தங்கள் கணினிகளில் அதைத் தடுத்தன. அதே ஆண்டு மே மாதம் தடையை விலக்கிக்கொண்டன. மாணவர் கைபேசியில் இருக்கும் ஒன்றைப் பள்ளி வாசலில் தடுத்து நிறுத்த முடியாது. அதன் இயல்பை அறிந்த ஆசிரியர் வகுப்பில் இருப்பதே மாணவருக்குப் பாதுகாப்பு.

யுனெஸ்கோவின் சட்டகம்

ஆசிரியர்களுக்கான செயற்கை நுண்ணறிவுத் திறன் சட்டகத்தை யுனெஸ்கோ 2024 செப்டம்பரில் வெளியிட்டது. மனிதரை மையமாகக் கொண்ட பார்வை, அறநெறி, தொழில்நுட்ப அடிப்படை, கற்பிக்கும் முறை, ஆசிரியரின் தொழில் வளர்ச்சி என்பவை அதன் ஐந்து கூறுகள். ஒவ்வொன்றும் அறிதல், ஆழப்படுத்துதல், உருவாக்குதல் என மூன்று படிகளில் விரிகிறது; மொத்தம் 15 திறன்கள். கருவியை இயக்கும் பயிற்சி இதில் ஒரு பகுதி மட்டுமே. எங்கே பயன்படுத்தலாம், எங்கே கூடாது என்று முடிவெடுக்கும் ஆற்றலே இதன் உயிர்நாடி.

எப்படி வேலை செய்கிறது?

ஆசிரியர் பயிற்சியில் முதலில் விளங்க வேண்டியது இது. சாட்ஜிபிடி போன்ற கருவிகளுக்கு அடிப்படையான மொழி மாதிரி, ஏராளமான எழுத்துகளிலிருந்து கற்ற பாங்கைக் கொண்டு அடுத்து வரத்தக்க சொல்லைக் கணிக்கிறது. சொல்வது உண்மையா என்று அது தானாக உறுதிசெய்வதில்லை. அதனால் இல்லாத நூலின் பெயரையும் தவறான ஆண்டையும் தயக்கமில்லாமல் எழுதிவிடும். ஆங்கிலத்தோடு ஒப்பிட்டால் தமிழில் அது கற்ற எழுத்து மிகக் குறைவு. ஆகவே தமிழ் இலக்கணம், வட்டார வரலாறு போன்றவற்றில் அது தரும் விடையைப் பாடநூலோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே வகுப்புக்குக் கொண்டுபோக வேண்டும்.

மதிப்பீட்டில் எச்சரிக்கை

மாணவர் எழுதியதா, இயந்திரம் எழுதியதா என்று கண்டறியும் மென்பொருள்களை நம்பி ஒரு மாணவரைக் குற்றம் சாட்டுவது ஆபத்தானது. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே தன் கண்டறியும் கருவியைத் துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் நிறுத்தியது. ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் எழுதிய கட்டுரைகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றை இத்தகைய கருவிகள் இயந்திர எழுத்து என்று தவறாகக் காட்டியதை, அதே ஆண்டில் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் வெளியிட்டனர். ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்கும் நம் பிள்ளைகளுக்கு இந்தப் பிழை நேரடியான அநீதி.

இதற்குத் தீர்வு ஒப்படைப்பின் வடிவத்தை மாற்றுவது. முதல் வரைவையும் திருத்திய வரைவையும் சேர்த்து வாங்கலாம். எழுதியதைப் பற்றி வாய்மொழியாகக் கேள்வி கேட்கலாம். ஊர் ஏரியையோ சந்தையையோ நேரில் பார்த்து எழுதச் சொல்லலாம். இயந்திரம் தந்த விடையையே வகுப்பில் கொடுத்து அதிலுள்ள பிழைகளைக் கண்டுபிடிக்கச் செய்வதும் நல்ல பயிற்சி.

பிள்ளைகளின் தகவல்

இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவரைக் குழந்தை என்கிறது. அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கேட்கிறது. மாணவரின் பெயர், மதிப்பெண், உடல்நிலை, குடும்பச் சூழல் எதையும் பொதுக் கருவியில் தட்டச்சு செய்யாமல் இருப்பது ஆசிரியர் பழக வேண்டிய முதல் ஒழுக்கம். செயற்கை நுண்ணறிவோடு மாணவர் தனியே உரையாடக் குறைந்தபட்சம் 13 வயது வேண்டும் என்று 2023-இல் யுனெஸ்கோ பரிந்துரைத்தது.

பயிற்சி எப்படி அமைய வேண்டும்?

கேரள அரசின் கல்வித் தொழில்நுட்ப அமைப்பான கைட் நிறுவனம் 2024 மே மாதம், 80,000 ஆசிரியர்களை இலக்காகக் கொண்டு மூன்று நாள் செயற்கை நுண்ணறிவுப் பயிற்சியைத் தொடங்கியது. எஸ்தோனியா 2025 செப்டம்பரில் 10, 11-ஆம் வகுப்புகளுக்குக் கொண்டுவந்த செயற்கை நுண்ணறிவுத் திட்டம் ஆசிரியர் பயிற்சியையும் உள்ளடக்கியது. இத்தகைய முயற்சிகள் பலன் தர, பயிற்சி ஆசிரியரின் சொந்தப் பாடத்தில் நடக்க வேண்டும்: கணித ஆசிரியர் கணக்கைக் கொடுத்துச் சோதிக்க வேண்டும், தமிழாசிரியர் செய்யுள் விளக்கத்தைச் சோதிக்க வேண்டும். மூன்று நாள் வகுப்பு ஒரு தொடக்கம்தான். கருவிகள் மாதந்தோறும் மாறுவதால், ஒவ்வொரு பள்ளியிலும் ஆசிரியர்கள் கூடி, எது உதவியது, எங்கே தவறியது என்று பதிவுசெய்து பகிர்வதற்கான நேரத்தைக் கால அட்டவணையிலேயே ஒதுக்க வேண்டும்.