நம்பி ஒப்படைத்த செய்தி
அந்தரங்க உரிமையும் தகவல் பாதுகாப்புச் சட்டமும் – ஒரு சிந்தனை



பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமப் பங்கில் நான் பணியாற்றியபோது நடந்த நிகழ்ச்சி இது. ஞாயிறு திருப்பலிக்கு முன் ஒரு தாய் என்னிடம் வந்தார். தமக்குக் காசநோய் இருப்பதாக மருத்துவர் சொல்லிவிட்டார் என்றும், செபத்தில் நினைத்துக்கொள்ள வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். நானும் நல்லெண்ணத்தோடு, மன்றாட்டு நேரத்தில் அவருடைய பெயரையும் நோயின் பெயரையும் சொல்லி எல்லாரையும் செபிக்கச் சொன்னேன். அந்த வாரமே, அவருடைய மகளைப் பெண் கேட்டு வந்திருந்த குடும்பத்தார் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அதன்பின் பல வாரங்கள் அந்தத் தாயைக் கோவிலில் காணவில்லை. வீடு தேடிச் சென்றேன். அவர் கோபப்படவில்லை. "சாமி, கடவுள்கிட்ட சொல்லத்தான உங்ககிட்ட சொன்னேன். ஊருக்கு எதுக்குச் சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டார்.

என்னிடம் பதில் இல்லை. நான் பொய் சொல்லவில்லை. அவதூறு பேசவில்லை. சொன்னது உண்மை, நோக்கமும் நல்லது. அப்படியானால் தவறு எங்கே? ஒரு நோக்கத்திற்காக என்னிடம் ஒப்படைக்கப்பட்ட செய்தியை, உரியவரைக் கேட்காமல் வேறு இடத்திற்குக் கொண்டுபோனேன். அதுதான் தவறு. இன்று தகவல் பாதுகாப்பு என்ற பெயரில் நாடுகள் இயற்றும் சட்டங்கள் எல்லாவற்றுக்கும் அடிப்படை இந்த ஒரு கருத்துதான். பிறரைப் பற்றி நமக்குத் தெரிந்த செய்தி நம் சொத்து அல்ல. அது நம்மிடம் கொடுத்து வைக்கப்பட்ட பொருள்.

நீதிமன்றம் சென்ற வழி

நமது அரசியலமைப்பில் அந்தரங்க உரிமை என்ற சொல்லே கிடையாது. 1954-ஆம் ஆண்டு எம்.பி. சர்மா வழக்கில் 8 நீதிபதிகளும், 1962-ஆம் ஆண்டு கரக் சிங் வழக்கில் 6 நீதிபதிகளும் அமர்ந்து விசாரித்தார்கள். இரண்டிலும், இப்படியோர் உரிமையை அரசியலமைப்பு தரவில்லை என்ற கருத்தே மேலோங்கியது. ஆனாலும் கரக் சிங் வழக்கில், காவல்துறையினர் இரவு நேரத்தில் ஒருவருடைய வீட்டுக் கதவைத் தட்டிச் சோதிப்பது செல்லாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உரிமைக்குப் பெயர் வைக்கவில்லை. ஆனால் அதன் ஒரு பகுதியைக் காத்தது.

அடுத்த முக்கியமான வழக்கு நம் தமிழ்நாட்டிலிருந்து சென்றது. மரண தண்டனை பெற்றுச் சிறையிலிருந்த ஆட்டோ சங்கரின் வாழ்க்கை வரலாற்றை வெளியிட நக்கீரன் வார இதழ் முயன்றபோது எழுந்த வழக்கு அது. 1994 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. ஒவ்வொருவருக்கும் தம்மையும், தம் குடும்பத்தையும், திருமண வாழ்வையும், பிள்ளைகளையும் பற்றிய அந்தரங்கத்தைக் காத்துக்கொள்ளும் உரிமை உண்டு. ஆனால் நீதிமன்ற ஆவணம் போன்ற பொது ஆவணங்களில் உள்ளதை இதழ்கள் வெளியிடலாம். அதிகாரிகள் தங்கள் பெயர் கெடும் என்று முன்கூட்டியே தடை போட முடியாது. இப்படி அந்தரங்கத்தையும் பத்திரிகைச் சுதந்திரத்தையும் ஒன்றாகவே தாங்கிப்பிடித்த தீர்ப்பு அது.

பின்னர் ஆதார் வந்தது. கைரேகையையும் கருவிழியையும் பதிவுசெய்யும் அத்திட்டத்தை எதிர்த்து 2012-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் சென்றவர், கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி. அப்போது அவர் எண்பது வயதைக் கடந்தவர். அந்த வழக்கில்தான், அந்தரங்கம் அடிப்படை உரிமையா என்ற கேள்வி 9 நீதிபதிகள் முன் வைக்கப்பட்டது. 2017 ஆகஸ்டு 24 அன்று ஒன்பது பேரும் ஒருமனதாக, ஆம் என்றார்கள். வாழ்வுரிமை தரும் 21-ஆம் பிரிவிலேயே அந்தரங்க உரிமையும் அடங்கியிருக்கிறது என்றார்கள்.

இந்த உரிமைக்கு எல்லையே இல்லையா? உண்டு. அரசு ஒருவருடைய அந்தரங்கத்தில் தலையிட வேண்டுமானால் மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். அதற்குச் சட்டம் இருக்கிறதா? நோக்கம் நியாயமானதா? அந்த நோக்கத்திற்குத் தேவையான அளவுக்கு மட்டுமே தலையிடுகிறதா? இந்த அளவுகோலைக் கொண்டுதான் 2018 செப்டம்பரில் ஆதார் வழக்கில் தீர்ப்பு வந்தது. அரசின் நலத்திட்டங்களுக்கும் வருமான வரிக்கும் ஆதார் செல்லும். வங்கிக் கணக்குக்கும், கைப்பேசி இணைப்புக்கும், பள்ளிச் சேர்க்கைக்கும் அதைக் கட்டாயமாக்கக் கூடாது என்று பெரும்பான்மை நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள்.

2023-ஆம் ஆண்டின் சட்டம் என்ன சொல்கிறது?

உரிமை உண்டு என்று நீதிமன்றம் சொன்னால் போதாது. நம் செய்திகளைச் சேர்த்து வைப்பவர்களைக் கட்டுப்படுத்தச் சட்டம் வேண்டும். நாடாளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திற்கு 2023 ஆகஸ்டு 11 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. நிறுவனங்களுக்கான முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதங்களுக்குப் பின், அதாவது 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வருமாறு காலக்கெடு தரப்பட்டுள்ளது.

இச்சட்டத்தின் சொற்களே நம் சிந்தனைக்கு உரியவை. நம் தகவலைப் பெற்று வைத்திருக்கும் நிறுவனத்தை அது உரிமையாளர் என்று அழைப்பதில்லை. நம்பி ஒப்படைக்கப்பட்டதைக் காப்பவர் என்று பொருள்தரும் சொல்லால் அழைக்கிறது. முதன்மையானவர் என்ற சொல்லைத் தகவலுக்கு உரிய நமக்குத் தருகிறது.

நம்மிடம் தகவல் கேட்பவர், எது, எதற்காக என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். அந்த அறிவிப்பைத் தமிழ் உட்பட அரசியலமைப்பின் 8-ஆம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளில் எதிலும் கேட்டுப் பெறலாம். கட்டாயமின்றி, விவரம் அறிந்து நாம் தருவதே ஒப்புதல். கொடுத்த ஒப்புதலை, கொடுத்தது போலவே எளிதாகத் திரும்பப் பெறவும் முடியும். நம்மைப் பற்றி என்ன வைத்திருக்கிறார்கள் என்று கேட்கலாம். பிழை இருந்தால் திருத்தச் சொல்லலாம். தேவை முடிந்ததை அழிக்கச் சொல்லலாம். நம் மறைவுக்குப் பின் இந்த உரிமைகளைப் பயன்படுத்த ஒருவரை நியமிக்கலாம். 18 வயதுக்கு உட்பட்டவர்களின் தகவலைப் பெறப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். தகவல் கசிந்துவிட்டால் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். தகுந்த பாதுகாப்பு செய்யாத நிறுவனத்திற்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

குறைகளும் இருக்கின்றன. அரசு அமைப்புகளுக்கு விரிவான விலக்குத் தர இச்சட்டம் இடமளிக்கிறது. அபராதத் தொகை அரசுக்குச் செல்கிறது. பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு கிடைக்க இச்சட்டத்தில் வழியில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இது செய்த திருத்தம், தனிநபர் தகவல் என்ற பெயரில் ஊழலை மூடி மறைக்க உதவும் என்று அந்த உரிமைக்காக உழைப்பவர்கள் எதிர்ப்புத் தெரிவித்திருக்கிறார்கள். எளியவரின் அந்தரங்கத்தைக் காக்க வேண்டிய சட்டம், வலியவரின் கணக்கை மறைக்கப் பயன்படக் கூடாது என்ற அவர்களுடைய கவலை நியாயமானதே.

இன்னொன்றையும் கவனியுங்கள். நாமே முகநூலில் எல்லாரும் பார்க்கும்படி போட்டுவிட்ட செய்தியை இச்சட்டம் காப்பதில்லை. காகிதத்தில் மட்டும் இருப்பதும் இதன் வரம்பில் வராது. ஆனால் அதைக் கணினியில் ஏற்றிய உடனே வந்துவிடும். மதம் சார்ந்த அமைப்புகளுக்கென்று இதில் தனி விலக்கு இல்லை. எனவே கணினியில் ஏற்றிய நம் பங்கின் குடும்பப் பதிவேடும் இதிலிருந்து தப்பாது.

நமக்குப் பழக்கமான பாடம்

அன்பர்களே, இது திருச்சபைக்குப் புதிய பாடமா? இல்லை. 1563-இல் திரிதெந்து பொதுச்சங்கம் திருமணப் பதிவேடு வைக்கும்படி பங்குத்தந்தையர்க்குக் கட்டளையிட்டது. அன்று முதல் மக்களின் வாழ்வு விவரங்கள் நம்மிடம் இருக்கின்றன. இரண்டாம் வத்திக்கான் சங்கம், 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏட்டின் 26-ஆம் எண்ணில், மனிதருக்குரிய உரிமைகளுள் ஒன்றாக அந்தரங்கப் பாதுகாப்பையும் குறிப்பிட்டது. 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, எவருடைய நற்பெயரையும் அந்தரங்கத்தையும் முறையின்றிக் கெடுக்கலாகாது என்று 220-ஆம் சட்டத்தில் விதிக்கிறது.

பங்கின் பதிவேடுகள் அயலார் கையில் சிக்காமல் பார்த்துக்கொள்வது பங்குத்தந்தையின் கடமை என்கிறது 535-ஆம் சட்டம். ஒருவருடைய நிலை பற்றிய சான்றின் நகலைப் பெற அவருக்கே உரிமை உண்டு என்கிறது 487-ஆம் சட்டம். திருமணமாகாத தாயின் குழந்தைக்குத் திருமுழுக்கு கொடுக்கும்போது யார் பெயரை எப்போது எழுதலாம், எப்போது எழுதலாகாது என்பதைக்கூட 877-ஆம் சட்டம் வரையறுக்கிறது. பல தலைமுறைக்குப் பின்னும் அந்த ஏட்டைப் புரட்டும் ஒருவர் அந்தத் தாயைப் பார்த்து நகைக்கக் கூடாது அல்லவா?

பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை வெளியே சொல்லலாகாது என்பது நம் எல்லாருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாத ஒன்றும் உண்டு. அங்கே அறிந்ததை, யாருக்கும் வெளிப்படாது என்றாலும், அந்த மனிதருக்குப் பாதகமாகப் பயன்படுத்தலாகாது என்று 984-ஆம் சட்டம் தடுக்கிறது. ஒரு நோக்கத்திற்குப் பெற்றதை வேறு நோக்கத்திற்குப் பயன்படுத்தாதே என்று இன்று தகவல் சட்டங்கள் சொல்வதன் மிகக் கண்டிப்பான வடிவம் இதுவே.

அந்தரங்கம் குற்றத்தை மூடும் திரையா?

இங்கே ஒன்றை மனம் திறந்து சொல்ல வேண்டும். குடும்ப மானம், நிறுவனத்தின் பெயர் என்று சொல்லிக் குற்றங்களை மூடி மறைத்ததால் பிள்ளைகள் பட்ட துன்பம் கொஞ்சமல்ல. திருச்சபையிலும் அது நடந்தது. அதை அந்தரங்கம் என்று அழைக்க முடியாது. சிறுவர்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் இந்த வேறுபாட்டை அழகாகக் காட்டுகிறது. குற்றம் நடந்தது தெரிந்தால் காவல்துறையிடம் தெரிவித்தே ஆகவேண்டும் என்கிறது அதன் 19-ஆம் பிரிவு. அந்தப் பிள்ளையின் பெயரையும் முகவரியையும் பள்ளியையும் ஊடகங்கள் வெளியிடக் கூடாது என்கிறது 23-ஆம் பிரிவு. குற்றம் வெளியே வர வேண்டும். குழந்தை காக்கப்பட வேண்டும். திருத்தந்தை பிரான்சிஸ் 2019 டிசம்பரில், பாலியல் முறைகேட்டு வழக்குகளுக்கு இருந்த திருப்பீட இரகசியக் கட்டுப்பாட்டை நீக்கியதும் இதே நோக்கத்தோடுதான்.

நாம் என்ன செய்யலாம்?

1. ஆதார் நகல் கேட்டால், எதற்கு என்று கேளுங்கள். கடைசி 4 எண்கள் மட்டும் தெரியும் ஆதார் அட்டையை அதன் இணையதளத்திலேயே பெறலாம். பல இடங்களில் அதுவே போதும். நகலின் மேல் தேதியையும் காரணத்தையும் எழுதிக் கையெழுத்திடுங்கள். கைரேகையைப் பூட்டி வைக்கும் வசதியும் உண்டு.

2. வாட்ஸ்அப் குழுவில் ஒருவரைச் சேர்த்தால் அவருடைய எண் அங்குள்ள எல்லாருக்கும் தெரியும். அன்பியக் குழுவானாலும் பாடகர் குழுவானாலும், குறிப்பாக இளம்பெண்களின் எண்களை, கேட்காமல் சேர்க்காதீர்கள்.

3. மறைக்கல்விப் பிள்ளைகளின் படத்தைப் பெயரோடும் பள்ளியோடும் வெளியிடுமுன் பெற்றோரைக் கேளுங்கள். மருத்துவமனைப் படுக்கையில் இருப்பவரின் படத்தை, செபிக்கச் சொல்லி அனுப்புவதற்காகக்கூட, அவரைக் கேட்காமல் எடுக்காதீர்கள்.

4. யாருக்கு உதவி செய்தோம் என்பதை அறிவிப்புப் பலகையில் ஒட்டாதீர்கள். கணக்கு காட்ட வேண்டியது பங்குப் பேரவைக்கு. ஏழையின் பெயரை ஊர் படிக்க வேண்டியதில்லை.

5. பங்கு அலுவலகத்தில் வரன் தேடியோ, கடன் வசூலிக்கவோ யாராவது ஒரு குடும்பத்தின் விவரம் கேட்டால், இல்லை என்று சொல்லும் துணிவு எனக்கும் வேண்டும், உபதேசியாருக்கும் வேண்டும். நாங்கள் மறுக்கும்போது வருத்தப்படாதீர்கள். நாளை உங்கள் விவரத்தைக் கேட்டு வருபவருக்கும் இதே பதில்தான் கிடைக்கும்.

அந்தத் தாய் ஆறு மாத மருந்தை ஒழுங்காக உட்கொண்டு நலமடைந்தார். மகளுக்கும் பின்னர் வேறிடத்தில் திருமணம் நடந்தது. மந்திரிக்க என்னையே அழைத்தார். மன்னித்துவிட்டார் என்று அன்று புரிந்துகொண்டேன். அதுமுதல், நோயுற்றோருக்காகச் செபிக்கும்படி யார் கேட்டாலும், "பேரைச் சொல்லலாமாம்மா?" என்று கேட்ட பிறகே பீடம் ஏறுகிறேன். சிலர் சொல்லுங்கள் என்பார்கள். சிலர் வேண்டாம் என்பார்கள். பெயர் சொல்லாத செபத்தையும் கடவுள் கேட்கிறார். நம்மிடம் நம்பிச் சொன்னவரின் முகம், நாம் வாய் திறக்கும் முன்பும் கைப்பேசியின் பொத்தானை அழுத்தும் முன்பும் நம் கண்முன் வரட்டும்.